என் குரல் மட்டும்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு நாளாகிவிட்டது, சார். தினமும் அதன் கீழேயே உட்கார்ந்திருப்பதால் அந்தக் கிறீச்சல் உங்களுக்குக் கேட்பதில்லை. பெரும்பாலானோருக்குக் காது என்பது முகத்தின் இரண்டு பக்கமும் மாட்டிவைத்த சாமான்தான். காது கேட்கும் கருவி பொருத்துவது என் தொழில். இத்தனை வருடத்தில் காதின் மேல் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. காதுள்ளவர்கள் மேல் அது எப்போதும் இருந்ததில்லை.

கதவு திறந்தே இருக்கட்டும், புழுக்கமாக இருக்கிறது. வெளியே பெஞ்சில் இருப்பவள் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழந்தை விழுந்து இறந்ததற்கு அவள் மேல்தான் நீங்கள் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த வழக்கில் ஒரு விஷயத்தைத் தவறாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தேன்.

கல்யாணமான புதிதில் அவள் வீட்டார் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அவள் படித்த டீச்சர், நான் கடையில் மிஷின் மாட்டுகிறவன். மச்சான் எனக்கு 'மிஷின் மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பல்லைக் காட்டினார். பிறகு ஒரு காய்ச்சலில் அவளுடைய இரண்டு காதும் மந்தமாயின. அன்று முதல் என் வாழ்க்கை சீரானது.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். யார் என்ன சொன்னாலும் அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் திருப்பிச் சொல்வேன், அவள் தலையாட்டுவாள். மச்சானின் அசட்டு ஜோக்குகளை நான் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னைப் பற்றி யாராவது மட்டமாகச் சொன்னால் அதை மாற்றி நல்லதாகச் சொல்வேன். யாருக்கும் இதில் நஷ்டமில்லை.

எங்கள் கம்பெனியில் ஒருமுறை சுயமதிப்பு பற்றிப் பேச ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். கோட்டு போட்ட மனிதர். "காலையில எழுந்ததும் கண்ணாடியப் பாத்து, 'நான் மதிப்புள்ளவன்'னு சத்தமா சொல்லுங்க" என்றார். என்னோடு வேலை செய்கிற மடையர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். கண்ணாடி என்ன பதில் சொல்லும்? ஒருவனுடைய மதிப்பு இன்னொருவர் முகத்தில்தான் தெரியும். அந்த முகத்தை எப்போதும் தன் பக்கம் திருப்பி வைத்திருப்பது ஒரு வேலை. அதற்கும் பராமரிப்பு தேவை.

நல்ல கருவி சந்தைக்கு வந்ததும் அவளுக்கு நானே பொருத்தினேன். அப்போது எந்தக் குறையும் வைக்கவில்லை. என் வேலை சுத்தம். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டு அவள் அழுதாள். "எல்லாம் இவராலதான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கொஞ்ச நாளில் அதைச் சொல்வது நின்றுபோனது. அவள் பாட்டுக்குப் போனாள், வந்தாள், நான் கேட்காத பேச்சுக்கெல்லாம் சிரித்தாள்.

ஒருநாள் மச்சான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமனார் ஏதோ சொன்னதை, பழைய வழக்கப்படி நான் அவளுக்குத் திருப்பிச் சொன்னேன்.

"அப்பா அப்படிச் சொல்லலீங்களே" என்றாள் அவள்.

"மாப்பிள்ளை இவ்வளவு நாளா நம்ம பேச்சுக்கு டப்பிங் குடுத்துட்டு இருந்திருக்காரு" என்றார் மச்சான். மாமியார் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது.

வார விடுமுறையில் அவளுடைய கருவியைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் வழக்கம். அடுத்த விடுமுறையிலிருந்து கம்ப்யூட்டரில் இணைத்து, மெல்லிய குரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பெண்கள், குழந்தைகள் குரலெல்லாம் அதில் போய்விடும். திடீரென்று எழும் சத்தத்தை அமுக்குகிற வசதி ஒன்று உண்டு. பாத்திரம் விழுந்தால் காது அதிராமல் இருக்க வைத்தது. அதை முழுவதும் ஏற்றினேன். பிறகு என் குரலைப் பதிவு செய்து, அது விழும் அலைவரிசையை மட்டும் பளிச்சென்று வைத்தேன். சொல்வதற்கு எளிது. இதைச் செய்யக்கூடியவர்கள் இந்தத் தொழிலில் அதிகம் பேர் இல்லை.

"காது மறுபடியும் போகுதுங்க" என்றாள். "யார் பேசினாலும் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. நீங்க பேசறது மட்டும்தான் தெளிவா கேக்குது. ஏன்னு தெரியல."

அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன். விசேஷங்களில் மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மச்சானின் வாய் அடைத்துப்போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வேலையை விடப் பார்த்தாள். "பிள்ளைங்க கூப்பிடறது கேக்கலீங்க. சின்னப் பிள்ளைங்க, ஏதாவது ஆயிட்டா என்ன செய்யறது? விட்டுடறேனே" என்று கெஞ்சினாள். நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். வீட்டில் முடங்கிக் கிடக்கும் ஒருத்தி என்னை நம்பி இருப்பதில் எனக்கு என்ன பெருமை? நாலு பேர் மதிக்கும் டீச்சர் என்னை நம்பி இருக்க வேண்டும்.

அன்று மதியம் தொட்டியின் மூடி திறந்திருந்தது. முதுகுப்புறம் பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள். தொட்டிக்குள்ளிருந்தும் சத்தம் வந்திருக்கிறது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் திருத்திக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து காவலாளி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் செட்டிங் அன்று அரை இம்மிகூடப் பிசகவில்லை.

அவள் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். வேறு யார் சொன்னாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. அது அப்படியே போயிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் நீங்கள் வேறொரு கடையிலிருந்து ஒரு பயலைக் கூட்டிவந்து கருவியைக் காட்டினீர்கள். மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன். அவன் பார்த்துவிட்டு, "எவனோ கத்துக்குட்டி செட் பண்ணியிருக்கான் சார். தெரியாம எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கான்" என்றானாம். நீங்களும் 'தவறுதலாக' என்று எழுதிக்கொண்டீர்கள். நேற்று மச்சான் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, "மிஷின் மாப்பிள்ளைக்கு மிஷினும் தெரியல" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் தோளைத் தட்டி, "விடுங்க. நீங்க வேணும்னா செஞ்சீங்க? உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். தவறுதலாக எதுவும் நடக்கவில்லை. தெரிந்தே செய்தேன், திறமையாகச் செய்தேன், செய்தவன் நான். கத்துக்குட்டியால் இது முடியாது என்பதை அந்தப் பயலையும் மச்சானையும் கூப்பிட்டு நீங்களே சொல்ல வேண்டும். அவளுக்கு மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன். பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

அதோ, எழுந்துவிட்டாள். இன்று காலைதான் அந்தப் பயல் அவளுக்குப் புதுக் கருவி மாட்டிவிட்டிருக்கிறான். கொஞ்சம் இருங்கள் சார், அவள் வாசல் பக்கம் போகிறாள். நான் கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், பாருங்கள், படியிறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறாள். செட்டிங்கைக் கெடுத்து வைத்திருக்கிறான், முட்டாள் பயல்.