டிராக்டரிலிருந்து இறங்குவது

நெமிலிச்சேரியில் பூமாலைப் பொட்டலத்தோடு ரயிலில் ஏறிய பெரியவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவடி ஃபேக்டரிக்காரரிடம் சொன்னது எதிர் சீட்டிலிருந்த எனக்கும் கேட்டது.

"டிராக்டர் ஓட்டும்போது ஒண்ணும் ஆவாது தம்பி. எறங்கும்போதுதான் உசுரு போவும்."

"யாருக்காவது ஆச்சா?"

"என் சிநேகிதருக்கு. அண்ணனூர்ல அவரு பொண்ணு ஊட்ல இன்னிக்குப் பதினாறாம் நாள் காரியம். அங்கதான் போறேன்."

"எப்படி ஆச்சு?"

"வண்டிய ஆஃப் பண்ணாம, வயல் கேட்டத் தொறக்க எறங்கனாரு. கால் வழுக்கி பெரிய சக்கரத்துக்கு முன்னால விழுந்துட்டாரு. சரிவுல நின்ன வண்டி உருண்டு அவரு மேலயே ஏறிட்ச்சி."

"வயசு இன்னா?"

"எழுபத்தொண்ணு. எனக்கும் அதான். ரெண்டு பேருமே அம்பது வருஷமா டிராக்டர் ஓட்றவங்க."

"அம்பது வருஷம் ஓட்டனவரு, எப்படி வழுக்குவாரு?"



"எனக்கும் அதே யோசனதான். எறங்கும்போது நாங்க படியப் பாக்கறதே இல்ல. கால் தானா போவும். இப்ப முட்டி முன்ன மாதிரி மடங்கல. அது காலுக்குத் தெரியல போல."

"நீங்க இப்பவும் ஓட்றீங்களா?"

"காலையில ஓட்டிட்டுதான் வர்றேன். உழவு பாதியில கீது."

"எப்படி எறங்குவீங்க?"

"இன்ஜின ஆஃப் பண்ணி பிரேக் போட்டுடுவேன். அப்பறம் ஏணில எறங்கற மாதிரி திரும்பி, கம்பியப் புடிச்சிகினு ஒவ்வொரு படியா பாத்து எறங்குவேன்."

"நல்ல பழக்கம். எத்தினி வருஷமா இப்படி?"

ஆவடி வந்துகொண்டிருந்தது. பெரியவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினஞ்சு நாளா."