பந்து பீரோவின் சாவி

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்:

"பீரோ சாவி எங்கிட்ட இருந்ததாலதாங்க நான் பாஸ்கெட்பால் கோச் ஆனேன்."

"இன்னாங்க சொல்றீங்க?"

"லேடீஸ் காலேஜ் லைப்ரரில வேல பாத்துக்கினு இருந்தேன். பழைய கோச் வேலய விட்டு நின்னுட்டாரு. பந்து எங்க லைப்ரரி பீரோவுலதான் இருந்துச்சு. பொண்ணுங்க வந்து கேக்குங்க. எடுத்துக் குடுத்துட்டு, திருப்பி வாங்குற வரிக்கும் கிரவுண்டுலயே உக்காந்திருப்பேன். சண்ட வந்தா எங்கிட்டதான் நியாயம் கேக்குங்க. அதுக்காக ரூல் புக்க எடுத்துப் படிச்சேன். அப்டியே பதினெட்டு வருஷம் ஆயிடுச்சு."

"இப்பவும் நீங்கதான் கோச்சா?"

"இல்லீங்க. அதுக்குன்னு படிச்சவங்கதான் வேணும்னு சொல்லிட்டாங்க. புதுசா வந்திருக்கிறவ எங்கிட்ட ஆடக் கத்துக்கினவதான். கல்வராயன் மலப் பொண்ணு."

"வருத்தமா இல்லியா?"

"இருந்துச்சு. நேத்து அவ என்னக் கிரவுண்டுக்குக் கூட்டிக்கினு போயி கையில பந்தக் குடுத்தா. இத்தினி வருஷத்துல நான் ஒரு தடவகூட கூடையில போட்டதில்லீங்க. பத்து வாட்டி போட்டேன்."

"விழுந்துச்சா?"

"ஒண்ணு விழுந்துச்சுங்க."