மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு மோட்

எந்த மோடை முதலில் போட்டேன் என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை, ஃபாதர். புல்லை அடர்த்தியாக்கும் மோட் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பனிமலைகளைத் தெளிவாகக் காட்டும் மோடாகவும் இருக்கலாம். எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல ஆசைதான். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்தப் பங்குக்குப் புதிது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்கும் ஓலைகளின் பதிவேட்டில் என் தம்பி ரோஷன் பெயருக்கும் வினோலியா பெயருக்கும் நேரே முதல் இரண்டு ஓலைகள் வாசித்த தேதி இருக்கிறது, மூன்றாவதில் 'விக்கினம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது, அது என்ன விக்கினம் என்று கேட்டீர்கள். சின்னக் கேள்விதான். பதில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் தொடங்குகிறது.

அப்பா அம்மா இறந்தபின் நாகல் நகர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்த ரோஷனுக்குப் பேச்சு நிற்காது. பல் துலக்கும்போதும் பேசுவான். போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அந்த விளையாட்டைப் போட்டான். டிராகன்கள், கோட்டைகள், குகைகள். குதிரை ஏறி எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் போகலாம். அதற்கு ரசிகர்கள் செய்து இணையத்தில் போட்டிருக்கும் சேர்க்கைகளுக்குத்தான் மோட் என்று பெயர். மரத்தை மாற்றும் மோட், மழையை மாற்றும் மோட், பையின் கனத்தைக் குறைக்கும் மோட். ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. ரோஷன் எதையும் படிக்காமல் நாற்பதை ஒன்றாகப் போட்டான். விளையாட்டு திறக்கவே இல்லை.

"அண்ணே, நீதான் எதையும் அட்டை டு அட்டை படிப்பியே. இதைப் படிச்சுப் போட்டுக் குடேன். அம்புட்டும் இங்கிலீஷு."

படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு, ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் அடுத்ததைப் போட வேண்டும். ஒரே பொருளை இரண்டு மோடுகள் மாற்றப் பார்த்தால், வரிசையில் கடைசியாக ஏறுவதுதான் நிற்கும். முந்தையது இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். நியாயமான ஏற்பாடு என்று தோன்றியது. இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத்தின் நடுவில் ஒரு மோடை நீக்கக் கூடாது. நீக்கினால் அதுவரை சேமித்த ஆட்டம் முழுவதும் கெட்டுப்போகும்.

வினோலியா ஓமனில் நர்ஸ். அவள் அப்பா அந்தோணிமுத்து நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிறவர். ரோஷனோடு நிச்சயம் முடிந்து, மே மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அவள் இல்லாத குறைக்கு ரோஷன் ஒரு யோசனை சொன்னான். ஆட்டத்தில் கூடவே குதிரையில் வரும் தோழி ஒருத்தியைத் தரும் மோட் இருக்கிறது; அவளுக்கு நாமே குரல் கொடுத்துக்கொள்ளலாம்; வினோலியாவின் குரலையே கொடுத்தால் என்ன? அவள் அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் அத்தனையையும் என்னிடம் தந்தான். வினோலியாவும் சம்மதித்தாள். "பெரிய மச்சான், என்னையக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டுங்க. குதிரை பாவம்" என்று எனக்கும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள்.

குரலைப் படியெடுக்கும் மென்பொருளுக்கு இருபது நிமிடப் பதிவு போதும் என்று விளக்கத்தில் இருந்தது. நான் எல்லாவற்றையும் கேட்டேன். கல்லூரி விடுமுறைப் பகல்களில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டேன். சாப்டியா, என்ன வெஞ்சனம், தலைக்கு எண்ணெய் வச்சியா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

வசனங்களை நான்தான் எழுதினேன். முதலில் அவள் பேசுகிற மாதிரியே எழுதினேன். கொஞ்ச நாளில் அந்த மாதிரி வசனங்கள் தீர்ந்துபோக, எனக்குத் தோன்றியவற்றை எழுதினேன். ஆட்டத்தில் ஓர் அருவி வரும். அதன் பக்கம் போனால் அவள், "செத்த நேரம் பேசாம உக்காரு. தண்ணி என்னமோ சொல்லுது" என்பாள். ரோஷன் நிஜமாகவே நாற்காலியில் சாய்ந்து பேசாமல் இருந்தான். அவன் பிறந்ததிலிருந்து நான் கேட்டிராத அமைதி அது.

"அண்ணே, நெசத்துல அவ இம்புட்டு அழகாப் பேச மாட்டாண்ணே."

மோடுக்குக் கிடைத்த பாராட்டாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் வினோலியா வந்தாள். இரண்டு ஞாயிறுகளில் ஓலை வாசித்தாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை பத்திரிகைக் கட்டோடு வீட்டுக்கு வந்தவள், திரையின் முன்னால் உட்கார்ந்து அருவிவரைக்கும் போனாள்.

"தண்ணி என்னத்தைச் சொல்லும்? எங்க ஊருல நாலு நாளைக்கு ஒருக்கா வருவேன்னு சொல்லும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இது நான் இல்ல. யாரோ எவ வாயிலயோ நொழைஞ்சு பேசுறாக" என்றாள். என்னைப் பார்த்தாள். "பெரிய மச்சான், கல்யாணத்துக்கு முன்னாடி இந்தக் குதிரைக்காரியத் தூக்கிருங்க. ஒரு வீட்ல ரெண்டு வினோலியா வேணாம்."

ரோஷன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தூக்கிருண்ணே. ஆளே வந்தாச்சு, இனி அது என்னத்துக்கு?"

ஆகட்டும் என்றேன். அவர்கள் இருவரும் விளக்கங்களைப் படிக்காதவர்கள். நடுவில் நீக்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வசனங்கள். ஒன்றுகூடத் தவறாக உச்சரிக்கப்படவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். எது கடைசியாக ஏற வேண்டும் என்பதுதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம் கூடுதலாக ஒரு வசனம் எழுதினேன். "பெரிய மச்சான், அவருகிட்ட நேராச் சொல்லத் தைரியம் இல்ல. ஓமன்ல எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு. அப்பாவுக்குப் பயந்துதான் இதுக்குச் சம்மதிச்சேன். ஓலைய நிப்பாட்டிருங்க." குதிரைக்காரிக்கு அழத் தெரியாது, அவளுக்கு அப்படி ஒரு வசனம் நான் எழுதியதே இல்லை. ஆனால் வார்டில் ஒரு குழந்தை இறந்த அன்று வினோலியா ரோஷனுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட் ஒன்று இருந்தது. அதிலிருந்த விம்மல்களை வெட்டி வாக்கியங்களுக்கு நடுவே வைத்தேன். நன்றாகப் பொருந்தின. அனுப்பிய கையோடு அவள் அழித்துவிட்டாள், அதற்குள் நான் சேமித்துக்கொண்டேன் என்று சொல்லி ரோஷனுக்குப் போட்டுக் காட்டினேன்.

அவன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தான். "அது அழாதுல்லண்ணே?"

"அழாது" என்றேன். அது உண்மை.

விக்கினம் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு ஓலையின் முடிவிலும் வாசிக்கிறீர்கள். உங்களுக்கு முன்பிருந்த ஃபாதரிடம் போய் அந்தப் பதிவைக் கொடுத்துத் தெரிவித்தேன். மாலையில் அவர் எல்லோரையும் பங்கு வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினார்.

"ஃபாதர், இது நான் இல்ல. அந்தக் குதிரைக்காரி" என்றாள் வினோலியா. ஃபாதர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். விளையாட்டு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"எம் மக அழுகை எனக்குத் தெரியாதா சாமி?" என்று சொல்லி அந்தோணிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சொன்னதும் சரிதான். அழுகை அவளுடையதுதான்.

வினோலியா ரோஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க பெரிய மச்சான். உங்களுக்குத் தெரியும்ல?"

நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். பேசாத மனிதனின் மௌனத்துக்கு நம் ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. வினோலியாவுக்கு ஓமனில் கல்யாணம் எதுவும் ஆகவில்லை. பதிவேட்டில் உள்ள விக்கினம் நான் எழுதி, நான் பேசவைத்தது. இதைக் கொண்டு, கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று அவள் கேட்டிருக்கும் சான்றிதழை நீங்கள் தரலாம். அவள் அந்த வாரமே ஓமனுக்குத் திரும்பினாள். அங்கே யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று உங்கள் மூலமாகத்தான் தெரிந்தது. அந்தோணிமுத்து மகளோடு பேசுவதில்லை, பூசைக்கும் வருவதில்லை. ரோஷன் கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, கடையை மூடிவிட்டு, கொடைரோட்டில் யாரோ ஒருவர் கடையில் வேலை பார்க்கிறான். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை என்கிறார்கள். நான் இதே வீட்டில்தான் இருக்கிறேன். விளையாட்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அவள் என்னோடு எல்லா இடத்துக்கும் வருகிறாள், ஃபாதர். வரமாட்டேன் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.