ஆளில்லாத இடத்துக்குப் பந்து

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் ஒரு கால்பந்து கோச்சும் அவருடைய கிளப்பின் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நடுவுல ஆடற பையன் ஆளே இல்லாத எடத்துக்குப் பந்தைப் போடறானுங்களே?” என்றார் செயலாளர்.

“அந்த எடத்துக்குப் பார்வர்டு ஓடி வரோணுமுங்க. வந்தா கோலு. நம்ம ரெண்டு பார்வர்டுல ஒருத்தர் நின்ன எடத்துலயே நிக்கறாருங்க.”

“ஞாயித்துக்கெழம தோத்தா கீழ் டிவிஷனுக்குப் போயிருவோம். ஓடாதவனை வெளிய உக்கார வெய்யுங்க. எவனா இருந்தாலும் சரி.”

ராசிபுரம் பிரிவு வரைக்கும் கோச் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“உங்க மாப்ளைங்க.”

செயலாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணைக் குடுத்துட்டு, மாப்ளைய ஓடுன்னு சொல்ல முடியுங்களா? அவரு நிக்கற எடத்துக்கே பந்தைப் போடச் சொல்லுங்க.”