நடந்து வந்த விளிம்பு

அவையை அணிசெய்யும் தலைவர் சிவநேசன் அவர்களே, குளிரிலும் கனிவு குறையாத பெரியோர்களே, வேலை விட்ட களைப்போடு வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, இரு மொழிகளில் கனாக் காணும் இளையோரே, துன் நகர ஏரிக்கரைத் தமிழ் உறவுகளே! கனகரத்தினத்தின் கைகூப்பிய வணக்கம்.

பனிமலை உருகுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விஞ்ஞானி அல்லன், வெங்காயம் வெட்டுகிறவன். ஆனால், கண்டவன். கண்டதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, 2005 ஆனி மாதம். பனியாற்றுக்கு மேலே, புல்வெளி விளிம்பில் இருந்த ஒரு மலைவிடுதியில் நான் சமையல். அறைகளைத் துப்பரவு செய்தவர் ஜெயமலர். ஓம், அந்த முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கிறாவே, அவவேதான். விடுதிக்காரர் சுர்புகென் என்ற முதியவர். அவருடைய பாட்டனார் கட்டிய வீடு அது.

ஒரு நாள் காலை ஜெயமலர் வாளியோடு வந்து நின்றார்.

"அண்ணை, நான் துடைக்கிற தண்ணி எல்லாம் ஒரே பக்கமாப் போகுது. போன வருசம் இப்பிடிப் போகேல்லை."

பழைய வீடு என்றால் அப்படித்தான் என்று நான் உருளைக்கிழங்கை உரித்தேன்.

மறுநாள், சாத்திய கதவுகள் தாமாகத் திறந்தன. காற்றில்லை. ஆளில்லை. நாலாம் இலக்க அறைக் கதவு, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே, மெல்ல, மிக மெல்ல, யாரோ உள்ளே அழைப்பது போலத் திறந்தது. பட்டப்பகல்! பளிச்சென்ற வெயில்! என் முதுகு மட்டும் குளிர்ந்தது.

ஜெயமலர் என்ன செய்தார் தெரியுமா? நான் சமைக்கும் குசினி வாசலிலிருந்து பனியாற்றுப் பள்ளத்தின் விளிம்பு வரை காலடி எண்ணினார். திங்கள், நாற்பத்தொன்று. புதன், முப்பத்தேழு. வியாழன், இருபத்தொன்பது. நாங்கள் நடக்கவில்லை, சபையோரே! விளிம்பு நடந்தது! ஓசையின்றி நடந்தது! எங்களை நோக்கி நடந்தது! மாடுகள்கூட அந்தப் பக்கம் மேய மறுத்து, வேலியோரம் ஒடுங்கி நின்றன.

ஏன் நடந்தது? அந்தச் சரிவு ஒரு காலத்தில் பனியின் தோளில் சாய்ந்து நின்றது. பனி சுருங்கச் சுருங்க, தோள் போயிற்று. சாய ஒன்றுமில்லாத மண் எத்தனை காலம் நிற்கும்?

சனிக்கிழமை பேர்ண் நகரிலிருந்து முப்பது பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாரம் தங்க வருவதாக இருந்தது. வெள்ளி காலை, கட்டில்களை விரிக்கும்படி சுர்புகென் சொன்னார். ஜெயமலர் விரிப்புகளை மேசையில் வைத்தார். வதிவிடப் பெர்மிட் இந்த வேலையில்தான் தொங்குகிறது, வாயை மூடு என்று நான் காதோடு சொன்னேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நான் அப்படித்தான் சொன்னேன். அவரோ தனக்குத் தெரிந்த ஜெர்மனில், நிமிர்ந்து நின்று சொன்னார்:

"பிள்ளையள் படுக்கிற கட்டிலை நான் விரிக்க மாட்டன். நீங்கள் வந்து நடந்து பாருங்கோ."

முதியவர் கோபத்தோடு வெளியே போனார். எண்ணி நடந்தார். இருபத்திரண்டு. அங்கேயே நின்றார். காலடியில் புல்லுக்குள் ஒரு கீறல். அதற்குள்ளிருந்து குளிர்காற்று மூச்சுப்போல வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தார். தொலைபேசியை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்றார். மதியத்துக்குள் மூவரும் இறங்கிவிட்டோம்.

திங்கட்கிழமை முற்பகல் வீடு போயிற்று.

பிறகு ஏறிப் பார்த்தோம். குசினி இல்லை. அறைகள் இல்லை. பிள்ளைகள் படுத்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் வானம். முன்சுவரும் வாசற்கதவும் மட்டும் நின்றன. சுர்புகென், எச்சரிக்கைக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போனார். சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். பின்னால் ஒன்றுமேயில்லாத அந்தக் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டினார். பூட்டியதா என்று தள்ளியும் பார்த்தார்.

என் அருகில் ஜெயமலர் மெதுவாகச் சொன்னார்:

"தொண்ணூத்தஞ்சில, சண்டைக்குள்ள, நானும் வீட்டைப் பூட்டிப்போட்டுத்தான் ஊரை விட்டு வெளிக்கிட்டனான், அண்ணை."

சபையோரே! வீடிழப்பது நமக்கு மட்டும் விதித்தது என்று இருந்தோமே! வெள்ளிப் பனிக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அது வராது என்று இருந்தோமே! அதே ஆண்டு ஆவணியில் இந்த ஏரி எழுந்து இதே நகரத் தெருக்களுக்குள் வரவில்லையா? உங்கள் நிலவறைகளில் இடுப்பளவு நிற்கவில்லையா? நாம் ஓடிவந்த போரில் குண்டுச் சத்தமாவது கேட்டது. இது சத்தமில்லாமல் வருகிறது. இதற்கு முன்னால் ஓடுவதற்கு இன்னொரு நாடு எங்கே?

ஆகவே கேட்கிறேன். துடைத்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். உடைந்த ஜெர்மனில் என்றாலும் சொல்லுங்கள்! வேலை போனாலும் சொல்லுங்கள்! அன்று ஒருவர் சொன்னதால், பேர்ணில் முப்பது பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது.

இப்போது உங்களுக்குத் தெரியும். ஜெயமலர், எழும்புங்கோ பிள்ளை. எல்லாரும் பார்க்கட்டும்.

பொறுமையோடு செவிதந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நலமே வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.