கை பருத்த குற்றம்

மலாயாவில் அவசரகாலம். செலண்டார் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளிகள் இருவர். மூத்தவர் இளையவனின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்.

“எவ்ளோ வெயிட்டுடா தூக்குற?”

“ரெண்டு சின்ன டின்னுல சிமெண்டு, நடுவுல இரும்புக் குழாய். அவ்ளோதாண்ணே. கை நடுங்குற வரைக்கும் தூக்கணும்.”

“நானும் தினம் பால் வாளி தூக்குறேன், ஒண்ணும் ஏறலையே!”

“ஏறாததே நல்லதுண்ணே. நேத்து எஸ்டேட் கேட்டுல போலீஸ் புடிச்சிக்கிட்டான். ‘எல்லாருக்கும் ஒரே ரேஷன் அரிசி, உனக்கு மட்டும் எப்படி ஒடம்பு ஏறுது? காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு அரிசி கடத்துறியா, அதுல நீயும் திங்கிறியா?’ன்னு சாயந்தரம் வரைக்கும் உக்கார வச்சிட்டான்லா.”

“அடப்பாவி! கை பருத்ததுக்கா?”

போலீஸ் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. அந்த வெயிலிலும் இளையவன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டான். மூத்தவரோ தம் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, குச்சிக் கையை ஜன்னலுக்கு வெளியே நன்றாக நீட்டினார்.