அமிர்தத்தின் மேடு

தண்ணீர் கொடுத்தீர்கள், சந்தோஷம் ஐயா. வேலூர்த் தண்ணீர் இனிக்கிறது. ஆம்பூரில் எங்கள் பக்கம் ஊற்று தோண்டினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடைதான் முதலில் வரும். பழகிவிட்டால் அதுவும் தெரியாது.

என் பெயர் இருதயராஜ். பாலாற்றங்கரைச் சந்தியாகப்பர் கோயிலுக்கு உபதேசியார். சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்வதும், நோயாளிகளுக்குத் தீர்த்தம் கொண்டுபோவதும், செத்தவர்களுக்குக் குழி இடம் காட்டுவதும் என் வேலை. எங்கள் பக்கத்து வேதக்காரர்களுக்கு அதுதான் முதல் கோயில். மண்சுவர், ஓலைக்கூரை, ஒரு மணி. என் மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். அவள் விட்டுப்போன மகள் அமிர்தமும் ஐந்து வயதில் அம்மை கண்டு போனாள். கோயில் சுவரை ஒட்டிப் பிள்ளையைப் புதைத்தேன். வண்டிமாடு என்றாலே அவளுக்குப் பயம். சுவரோரம் என்றால் மாடு வராது அல்லவா.

பிறகு பெருவெள்ளம் வந்தது. கோயில் இருந்த கரையே இடிந்து ஆற்றோடு போயிற்று. மணியைக்கூட மீட்க முடியவில்லை. மேட்டுப் பக்கத்துக் கல்லறைகள் தப்பின. அமிர்தத்தின் மேடும் தப்பியது.

சாமியார் ஊருக்குள் புதுக்கோயில் கட்டி, பக்கத்திலேயே புதுக் கல்லறைத் தோட்டமும் வைத்தார். பழைய இடத்துக்கு ஓர் ஏற்பாடு சொன்னார். ஒரு கல்லறைத் திருநாளுக்கும் அடுத்த திருநாளுக்கும் நடுவே அங்கே ஓர் அடக்கமாவது நடந்தால் அது கல்லறையாகவே இருக்கும். நடக்காவிட்டால் அப்துல் சமத் சாயபுவின் ஷாப்புக்கு, தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை காயவைக்கக் கொடுத்துவிடலாம். சாயபு நல்ல மனிதர். "மய்யத்துங்க படுத்திருக்கற எடம். எனக்கு இன்னா அவசரம் சாமி?" என்றுதான் சொன்னார். ஆனாலும் பட்டை வண்டிகள் வரும். வண்டி வந்தால் மாடு வரும். எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

முதல் வருஷம் ஆண்டவரே ஒருவரை அனுப்பிவைத்தார். மறுவருஷம் ஐப்பசி பிறந்தும் யாரும் சாகவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகிப்போன தானியேல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கேட்க நாதியில்லை. அப்படிப்பட்டவரை எங்கே அடக்குவது என்பது என் கையில். அவர் எப்படியும் மார்கழிப் பனியைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் கல்லறைத் திருநாள் மார்கழிக்கு முன்பே வந்துவிடுகிறது.

ஆட்டுத்தோலில் மயிர் கழலுவதற்காகச் சுண்ணாம்போடு சேர்க்கும் பாஷாணம் ஷாப்பில் இருக்கும். தீர்த்தத்தில் அதைக் கலந்தேன். நெற்றியில் சிலுவை வரைந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, நானே குடிக்கவைத்தேன். அன்று நான் அழுத அழுகை பொய்யில்லை. அடக்கத்துக்கு ஊரே பழைய கல்லறைக்கு வந்தது. அமிர்தத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு மனிதக் குரல் கேட்டது. அடுத்த வருஷமும் நாதியற்ற ஒருவர் அப்படியே போனார்.

இந்த வருஷம் சவுரியம்மாள். துணைக்கு யாருமில்லாமல் காய்ச்சலில் கிடந்த அந்த அம்மாள், நான் தீர்த்தத்தோடு போனபோது எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஜொரம் கம்மியாய்டுச்சி உபதேசியாரே. நாளைக்கி நானே கஞ்சி காச்சிக்குவேன்."

செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அவரை விட்டுவிடத்தான் நினைத்தேன். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"ஒன்னு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறீங்களே, அது வெறும் மேடு. கோயில் செவுத்தோட புள்ள குழியும் ஆத்துல போய்டுச்சி. கரை இடியறப்ப நான் பாத்தேன். மனசு ஒடஞ்சிடுவீங்கன்னு ஊர்ல ஒருத்தரும் வாய தொறக்கல. போதும். நீங்களும் ஊருக்குள்ள வந்துருங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. செம்பை எடுத்தேன். "குடிங்க, ஒடம்புக்கு நல்லது" என்றேன். மறுபேச்சில்லாமல் குடித்தார். நன்றாக நடமாடியவர் விடிவதற்குள் போய்விட்டதில் ஊருக்குச் சந்தேகம் வந்தது. சாமியார் கேட்டார். நான் மறைக்கவில்லை.

மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். தூக்கில் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சவுரியம்மாள் சொன்னதும் எனக்குப் புதிதல்ல. வெள்ளம் வடிந்த அன்று, குழி இருந்த இடத்தில் ஆறு ஓடுவதைப் பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கம் வந்து மணலைக் கையால் அள்ளி அந்த மேட்டைக் குவித்தவன் நான்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. யாரையாவது அனுப்பி அந்த மேட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவைக்கட்டும். தனியாக இருந்தால் பிள்ளை பயப்படும்.